இணையதளத்துக்குப் பின்னணி இசை தயாரிக்க ஆடாசிட்டி போதுமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஒலி எடிட்டரே தாராளமாகப் போதும். ஆனால் பாட்டைத் திறந்து, இரண்டு பக்கமும் வெட்டி, எம்பி3 ஆக எக்ஸ்போர்ட் செய்தால் வேலை முடிந்தது என்று நினைத்து இதை இறக்குபவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். அந்த இசை ஒரு சுற்று முடிந்து மறுபடி ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு விக்கல் கேட்கும், போனில் ஒரு சத்தம் கணினியில் ஒரு சத்தம் என்று இருக்கும், பக்கம் திறக்கவே நேரமெடுக்கும். இதையெல்லாம் சரிசெய்யத் தேவையான கருவிகளில் பெரும்பாலானவை ஆடாசிட்டிக்குள்ளேயே இருக்கின்றன, எங்கே இருக்கின்றன என்று அது தானாகச் சொல்லாது, அவ்வளவுதான்.

நான் சிறிய இணையதளங்கள் செய்து தருபவன். கல்யாண மண்டபம், யோகா வகுப்பு, கைத்தறிக் கடை, கோயில் டிரஸ்ட் இப்படிப்பட்ட ஆட்கள்தான் அதிகம் வருவார்கள். டிசைன் எல்லாம் பேசி முடித்தபிறகு கிளம்பும் நேரத்தில் "பக்கத்தைத் திறந்ததும் மெதுவா ஒரு வீணை ஓடணும் சார், அதைச் சேர்த்துடுங்க" என்பார்கள். பல டிசைனர்கள் இதைக் கேட்டவுடன் முகம் சுளிப்பார்கள், வேண்டாம் என்று பேசி மாற்றப் பார்ப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு யோகா மையத்தின் பக்கத்தில் தம்புரா சுருதி மெல்ல ஓடுவது நல்ல விஷயம்தான், கேட்பவர் விரும்பிப் போட்டுக்கொள்ளும்படி இருந்தால், ஒழுங்காகச் செய்திருந்தால். பெரும்பாலும் ஒழுங்காகச் செய்யப்படுவதில்லை என்பதுதான் என் வருத்தம், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆடாசிட்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: இது இலவச, திறமூல ஒலி எடிட்டர். 1999ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ராஜர் டேனன்பர்க் என்ற இருவர் தொடங்கியது, 2000 மே மாதம் பொதுவில் வெளியானது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2021ல் மியூஸ் குரூப் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். பழைய கணினியிலும் ஓடும் என்பது நம் ஊர் நிலைமைக்குப் பெரிய வசதி.

சரி, வேலைக்கு வருவோம். பின்னணி இசை என்றால் அது சுற்றிச் சுற்றி ஓட வேண்டும், ஒட்டு தெரியக்கூடாது. இதுதான் மொத்த வேலையில் பாதி. தம்புராவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பமும் முடிவும் இல்லாத நாதம், எங்கே வெட்டினாலும் ஒட்டிவிடலாம் என்று தோன்றும். முடியாது. தம்புராவில் ப ஸ ஸ ஸ என்று நான்கு தந்திகள் வரிசையாக மீட்டப்படுகின்றன, நான்கும் சேர்ந்தது ஒரு சுற்று. மூன்றாவது தந்தியில் வெட்டிவிட்டு மறுபடி பஞ்சமத்தில் (ப) ஆரம்பித்தால், சங்கீதம் தெரியாதவருக்குக்கூட எங்கோ இடறியது புரியும், என்ன என்று சொல்லத் தெரியாது, அவ்வளவே. ஆகவே முழுச் சுற்றுகளாகத்தான் வெட்ட வேண்டும். ஆடாசிட்டியில் டிராக்கின் பெயருக்குப் பக்கத்திலிருக்கும் மெனுவில் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு (எந்தெந்த ஒலி எப்போது வருகிறது என்று நிறத்தில் காட்டுவது) மாற்றிக்கொண்டால் ஒவ்வொரு மீட்டும் தனித்தனியாகத் தெரியும். சாதாரண அலை வடிவத்தில் தம்புரா ஒரே பட்டையாகத்தான் தெரியும், எங்கே தந்தி மாறுகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். இந்த ஒரு காட்சிக்காகவே நான் ஆடாசிட்டியை விடுவதில்லை.

வெட்டும் இடத்தைத் தேர்ந்தபின் விசைப்பலகையில் இசட் விசையைத் தட்டினால், தேர்வின் இரு முனைகளும் அலை பூஜ்யக் கோட்டைக் கடக்கும் இடத்துக்கு நகர்ந்துகொள்ளும். இதனால் டக் என்ற சத்தம் பெரும்பாலும் வராது. எல் விசையைத் தட்டினால் லூப் ஓட்டம் இயங்கும், தேர்ந்த பகுதி திரும்பத் திரும்ப ஓடும், கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். ஒட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் கேட்டாலும் காது கண்டுபிடிக்கிறதா என்பதுதான் சோதனை.

கண்டுபிடிக்கிறது என்றால் (பெரும்பாலும் கண்டுபிடிக்கும்) இந்த உத்தியைச் செய்யுங்கள். இசைத் துண்டை நடுவில் ஓர் இடத்தில் பிளந்துவிட வேண்டும், கன்ட்ரோலும் ஐயும் சேர்த்து அழுத்தினால் பிளந்துவிடும். பின்பாதியை முன்னால் கொண்டுவாருங்கள், முன்பாதியைக் கீழே இன்னொரு டிராக்கில் வைத்து, பின்பாதியின் வால் மீது அதன் தலை சில விநாடிகள் ஏறி நிற்கும்படி நகர்த்துங்கள். அந்த ஏறி நிற்கும் பகுதியை இரண்டு டிராக்கிலும் சேர்த்துத் தேர்ந்து கிராஸ்ஃபேட் டிராக்ஸ் எஃபெக்டைப் போடுங்கள், ஒன்றின் சத்தம் மெல்லக் குறையக் குறைய மற்றது மெல்ல ஏறும். இப்போது என்ன ஆனது பாருங்கள்: புதிய துண்டின் முடிவும் தொடக்கமும் மூலப் பதிவில் ஒன்றையடுத்து ஒன்றாக இருந்தவை, ஆகவே சுற்றி வரும்போது ஒட்டே இல்லை. ஒட்டு நடுவுக்கு வந்துவிட்டது, அதை நாம் கிராஸ்ஃபேடால் மூடிவிட்டோம். எத்தனையோ பேர் முனையிலேயே மல்லுக்கட்டிக்கொண்டு இருப்பதைப் பார்த்திருக்கிறேன், இது தெரிந்தால் அந்தப் பாடு இல்லை.

அந்த எஃபெக்டில் எந்த வகை வளைவு என்று கேட்கும். கான்ஸ்டன்ட் கெயின் போட்டால் தம்புராவில் நடுப்பகுதி லேசாக அமுங்கும், ஏனென்றால் இரண்டு வெவ்வேறு சுற்றுகளின் அலைகள் அப்படியே ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி நிற்பதில்லை. கான்ஸ்டன்ட் பவர் வகையைப் போடுங்கள், சத்தம் சமமாக இருக்கும். இன்னொன்று, தொடக்கத்தில் ஃபேட் இன், முடிவில் ஃபேட் அவுட் வைத்து எக்ஸ்போர்ட் செய்யாதீர்கள். ஒரு தடவை ஓடும் பாட்டுக்கு அது அழகு. சுற்றில் ஓடும் இசைக்கு ஒவ்வொரு சுற்றிலும் சத்தம் விழுந்து விழுந்து எழும், அதைக் கேட்டுக்கொண்டே ஒரு பக்கத்தைப் படிக்க முடியாது.

தாளம் உள்ள இசை என்றால் கணக்கு வேறு. கல்யாண மண்டபத்துக்காரர் நாதஸ்வரமும் தவிலும் கேட்பார், அது ஆதி தாளத்தில் இருந்தால் எட்டு அட்சரம் சேர்ந்தது ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, முழு ஆவர்த்தனங்களாக வெட்ட வேண்டும். பல்லவி சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், எடுக்காமல் அரை இடம் தள்ளி எடுத்திருந்தால் எடுப்பிலிருந்து (பாட்டு தொடங்கும் இடம்) எடுப்பு வரை கணக்கிட வேண்டும், சமத்திலிருந்து வெட்டினால் சாகித்தியம் நடுவில் அறுந்துபோகும். இதில் ஆடாசிட்டி கொஞ்சம் தடுமாறுகிறது. 3.4 பதிப்பிலிருந்து பீட்ஸ் அண்ட் பார்ஸ் என்ற கட்டம் வந்திருக்கிறது, 3.5ல் டெம்போவைத் தானே கண்டுபிடிக்கும் வசதியும் வந்தது. ஆனால் அவை ஒரே சீரான வேகத்தில் ஓடும் கணினி இசைக்கானவை. கச்சேரியில் காலப்பிரமாணம், அதாவது வேகம், ஒரு நூலிழை ஏறும், இறங்கும், அதுதான் அதன் உயிர், அந்தக் கட்டத்துக்குள் அது அடங்காது. லேபிள் டிராக்தான் இங்கே கைகொடுக்கும். பாட்டை ஓடவிட்டு, கையில் தாளம் போட்டபடி ஒவ்வொரு சமத்திலும் கன்ட்ரோலும் எம்மும் அழுத்தினால் அந்த இடத்தில் அடையாளம் விழும், பிறகு நிதானமாகத் திருத்திக்கொள்ளலாம். தொடக்கத்திலும் முடிவிலும் வேகம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் ஆவர்த்தனங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் சுற்று திரும்பும்போது தவில்காரர் திடீரென்று நிதானித்ததுபோல் இருக்கும்.

இவ்வளவு பாடுபட்டு ஒட்டுத் தெரியாமல் செய்த லூப்பை எம்பி3 ஆக எக்ஸ்போர்ட் செய்து பக்கத்தில் போட்டால், பழைய விக்கல் மறுபடி கேட்கும்! இங்கேதான் நிறைய பேர் ஆடாசிட்டியைத் திட்டுகிறார்கள், பாவம் அதன்மேல் தப்பில்லை. எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் (சாம்பிள்கள், ஒலியின் மிகச் சிறிய அளவீடுகள்) கொண்ட சட்டங்களாக (ஃப்ரேம்கள்) பிரித்து அடைக்கிறது, 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு சட்டம் சுமார் 26 மில்லிசெகண்ட். நம் இசை அந்தக் கணக்கில் சரியாக முடியாது, ஆகவே கடைசிச் சட்டத்தில் மிச்ச இடம் மௌனத்தால் நிரப்பப்படும். தொடக்கத்திலும் ஒலியை எம்பி3 ஆக மாற்றும் என்கோடரின் இயல்பால் கொஞ்சம் மௌனம் சேரும். இரண்டும் சேர்ந்து ஒரு சிறு இடைவெளி. பேச்சில் தெரியாது, பாட்டில் ஒருமுறை கேட்கும்போதும் தெரியாது, சுற்றில் ஓடும் தம்புராவில் துல்லியமாகத் தெரியும். ஆடாசிட்டி பயன்படுத்தும் லேம் என்கோடர் எவ்வளவு மௌனம் சேர்ந்தது என்று கோப்பின் தலைப்பில் குறித்து வைக்கிறது, அதைப் படித்துச் சரிசெய்யும் பிளேயர்கள் உண்டு, ஆனால் எல்லா பிரவுசரிலும் எல்லாச் சமயத்திலும் அது நடக்கும் என்று நம்பி வேலையை ஒப்படைக்க முடியாது.

தீர்வு இரண்டு. எம்பி3 போன்ற இன்னொரு கோப்பு வடிவமான ஓக் வார்பிஸாக எக்ஸ்போர்ட் செய்தால் சரியான மாதிரி எண்ணிக்கை கோப்பிலேயே இருக்கும், இடைவெளி வராது. ஆடாசிட்டியில் அது நேரடியாகவே இருக்கிறது. ஆனால் ஆப்பிளின் சஃபாரி வெகுகாலம் ஓக்கை ஏற்கவில்லை, பழைய ஐபோன் வைத்திருப்பவருக்கு ஒன்றும் கேட்காது, ஆகவே எம்பி3 ஒன்றும் கூடவே வைக்க வேண்டியிருக்கும். எச்டிஎம்எல்லின் ஆடியோ குறிச்சொல்லுக்குள் இரண்டு சோர்ஸையும் கொடுத்தால் பிரவுசர் தனக்குப் புரிந்ததை எடுத்துக்கொள்ளும். இரண்டாவது வழி, ஆடியோ குறிச்சொல்லை விட்டுவிட்டு, ஜாவாஸ்கிரிப்டால் ஒலியைக் கையாள பிரவுசரிலேயே இருக்கும் வெப் ஆடியோ ஏபிஐ வழியாக ஓட்டுவது. அதில் லூப் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று விநாடிக் கணக்கில் நாமே சொல்லலாம், மௌனப் பகுதியைத் தாண்டிவிடலாம். இதற்காகவே இசையின் தலையிலும் வாலிலும் சுற்றின் அடுத்த பகுதியைக் கொஞ்சம் கூடுதலாக விட்டு எக்ஸ்போர்ட் செய்துகொள்கிறேன், லூப் புள்ளிகள் எப்போதும் இசைக்குள்ளேயே விழும். ஆனால் இந்த வழியில் முழு இசையும் விரிக்கப்பட்டு நினைவகத்தில் உட்காரும். ஸ்டீரியோவில் ஒரு நிமிடம் கிட்டத்தட்ட 21 மெகாபைட், இரண்டு நிமிடம் 42. கோப்பு சிறியதுதானே என்று ஐந்து நிமிட லூப் வைத்தால் சாதாரண போன் திணறும். தம்புராவுக்கு அரை நிமிடமே போதும்.

அடுத்தது சத்தம். இதில் எல்லோரும் நார்மலைஸ் எஃபெக்டைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது உச்சத்தை மட்டும்தான் பார்க்கும், காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்று பார்க்காது. பக்கத்திலேயே லவுட்னஸ் நார்மலைசேஷன் இருக்கிறது, காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் எல்யூஎஃப்எஸ் அளவில் வேலை செய்யும், ஐரோப்பிய ஒளிபரப்புத் தரமான மைனஸ் 23தான் அதில் வழக்கமாக நிற்கும். பின்னணிக்கு நான் அதையும் விடக் கீழே, மைனஸ் 26 பக்கம் வைக்கிறேன். சத்தத்தை ஸ்கிரிப்டில் குறைத்துக்கொள்ளலாமே, கோப்பில் எதற்கு என்று கேட்பீர்கள். ஐபோனில் ஆடியோ குறிச்சொல்லின் வால்யூமை ஜாவாஸ்கிரிப்டால் மாற்ற முடியாது, ஆப்பிள் அதைப் பயனரின் பக்கவாட்டு பட்டனுக்கு மட்டுமே விட்டிருக்கிறது. கணினியில் 20 சதவீதம் வைத்துச் சோதித்துவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள், ஐபோனில் திறப்பவருக்கு நாதஸ்வரம் முழுச் சத்தத்தில் போய் விழும். அதனால் சத்தத்தைக் கோப்பிலேயே அடக்கி வைத்துவிடுவதுதான் பத்திரம். எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன் உச்சம் மைனஸ் 1 டெசிபலுக்கு மேல் போகாமல், உச்சத்தை அடக்கும் லிமிட்டரில் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள், எம்பி3 ஆகும்போது உச்சங்கள் சற்றே மேலே எகிறும்.

ஆழ்ந்த ஒலிகள் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கட்டை சுருதித் தம்புராவின் மந்தர ஷட்ஜம், அதாவது கீழ் ஸ, 65 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. போன் ஸ்பீக்கரில் அது வரவே வராது, அதன் மேல் ஸ்வரங்கள்தான் கேட்கும், காது அதிலிருந்து அடித்தளத்தை ஊகித்துக்கொள்ளும். ஹைபாஸ் ஃபில்டரைப் போட்டு 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள மின்விசிறி உறுமல், மேசை அதிர்வு இதையெல்லாம் தூக்கிவிடலாம், ஆனால் போனில் கேட்கவில்லையே என்று 150 வரை வெட்டிவிட்டால் ஹெட்ஃபோனில் கேட்பவருக்குத் தம்புரா சவலையாகிவிடும். பின்னணி இரைச்சலை நீக்க நாய்ஸ் ரிடக்‌ஷன் நன்றாகவே வேலை செய்கிறது, மௌனமான ஒரு துண்டைக் காட்டி இரைச்சலின் மாதிரியை எடுக்கச் சொல்லிவிட்டு 6 டெசிபல் அளவில் போட்டால் போதும். 20, 24 என்று ஏற்றினால் தந்தியின் ஜீவாரி போய்விடும். அந்த ரீங்காரம் போனபின் மீதி இருப்பது தம்புராவே இல்லை.

அதே ஜீவாரிதான் பிட்ரேட்டிலும், அதாவது விநாடிக்கு எவ்வளவு தகவல் அடைக்கிறோம் என்பதிலும், பிரச்சினை. பேச்சுக்கு மோனோவில் 64 கிலோபிட் எம்பி3 நன்றாகவே இருக்கும், அதே அளவில் ஸ்டீரியோ தம்புராவை அடைத்தால் மேல் ஒலிகள் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழையும். தம்புராவுக்கும் வீணைக்கும் ஸ்டீரியோவில் 128க்குக் கீழே போகாதீர்கள், இடம் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் மோனோவாக்கி 80 வைக்கலாம், பின்னணிக்கு மோனோ ஒரு குறையே இல்லை. மோனோவாக்கினால் லவுட்னஸ் நார்மலைசேஷனில் மோனோவை இரட்டை மோனோவாகக் கருதும் பெட்டியைத் தேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பின் கனத்தைப் பொறுத்தவரை கணக்கு எளிது: சிடி தரத்தில் வேவ் கோப்பு நிமிடத்துக்கு 10 மெகாபைட் சொச்சம், 128 கிலோபிட் எம்பி3 நிமிடத்துக்கு 1 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. பல தளங்களில் மொத்தப் பக்கத்தையும் விடக் கனமான வேவ் கோப்பு அப்படியே ஏற்றப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது, ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி என்று கணக்குப் பார்த்து டேட்டா போடும் ஆட்கள்தான் அந்தப் பக்கத்துக்கு வருகிறார்கள். ஆடியோ குறிச்சொல்லில் பிரீலோடை (முன்கூட்டியே இறக்குவது) நன் (வேண்டாம்) என்று வைத்தால் பட்டனை அமுக்காதவருக்கு ஒரு பைட்கூட இறங்காது.

இனி குறைகள். முன்பெல்லாம் எம்பி3க்கு லேம் நூலகத்தைத் தனியாக இறக்கிப் போட வேண்டும், 2017ல் எம்பி3 காப்புரிமைகள் தீர்ந்த பிறகு அது உள்ளேயே வந்துவிட்டது. ஆனால் ஏஏசி, அதாவது எம்4ஏ கோப்பு வேண்டுமென்றால் இன்னமும் எஃப்எஃப்எம்பெக் நூலகத்தைத் தனியாக நிறுவ வேண்டும், புதியவர்களுக்கு இது தேவையில்லாத தலைவலி. வாட்ஸப்பில் வந்த ஒலிக்கோப்பைத் திறப்பதற்கும் சில சமயம் இதே தேவை வரும். மெனு வழியாகப் போடும் எஃபெக்ட்கள் அலையையே மாற்றிவிடும், கோப்பை மூடித் திறந்தபின் பழையதை மீட்க முடியாது. 3.2ல் வந்த நிகழ்நேர எஃபெக்ட்கள் இதற்குப் பெரிய விடிவு, ஃபில்டரையும் கம்ப்ரஸரையும் அங்கே வைத்துக்கொண்டால் எப்போது வேண்டுமானாலும் திருப்பலாம். ஆனால் நாய்ஸ் ரிடக்‌ஷன் போன்றவை இன்னும் பழைய வழியில்தான். புராஜெக்ட் கோப்புகள் வேறு பருத்துப் போகின்றன, ஒவ்வொரு மாற்றத்தின் பிரதியையும் உள்ளே வைத்திருக்கும், சேமித்து மூடினால்தான் இளைக்கும்.

2021ல் நடந்ததையும் சொல்லியாக வேண்டும், இன்னமும் "அது உளவு பார்க்கும் மென்பொருள்" என்று சிலர் சொல்வதைக் கேட்கிறேன். உரிமை கைமாறிய சில நாட்களிலேயே பயன்பாட்டுத் தகவல்களைத் திரட்டும் திட்டம் ஒன்றை முன்வைத்தார்கள், எதிர்ப்பு வந்ததும் கைவிட்டார்கள். ஜூலையில் வெளியிட்ட தனியுரிமைக் கொள்கையின் வாசகம் இன்னும் பெரிய கொந்தளிப்பைக் கிளப்பியது, 13 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பயன்படுத்தக் கூடாது என்ற வரிகூட இருந்தது, பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கும் ஒரு மென்பொருளுக்கு! பிறகு மன்னிப்புக் கேட்டு வாசகத்தைத் திருத்தினார்கள். கோபப்பட்டவர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது, அந்தக் கோபத்தால்தான் திருத்தம் வந்தது. மூல நிரல் இன்றும் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் திறந்தே இருக்கிறது, புதுப்பிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் வேலையை அமைப்புகளில் அணைத்துவிடலாம். எனக்கு இது போதும்.

மாற்று என்றால், ஓசன்ஆடியோ இலவசம், முகப்பு எளிமை, ஒரே கோப்பை வெட்டி ஒட்ட வேகமானது, ஆனால் பல டிராக்கை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கிராஸ்ஃபேட் செய்யும் வேலைக்கு ஆகாது. ரீப்பர் அருமையான மென்பொருள், எடிட்டிங் எதுவும் மூலத்தைத் தொடாது, தனிநபருக்கு 60 டாலர், பாட்டு மிக்ஸ் செய்பவர் வாங்கலாம், இரண்டு நிமிடப் பின்னணிக்காக வாங்க வேண்டியதில்லை. அடோபி ஆடிஷனுக்கு மாதச் சந்தா கட்டுவதை இந்த வேலைக்கு நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

கோப்பு தயாராகிவிட்டது, பக்கம் திறந்ததும் தானாக ஓட வேண்டும் என்பார் வாடிக்கையாளர். ஓடாது. சஃபாரி 2017லும், குரோம் 2018லும், ஃபயர்பாக்ஸ் 2019லும் பயனர் எதையாவது தொடும்வரை சத்தத்தோடு தானாக ஓடுவதைத் தடுத்துவிட்டன. இதை ஏமாற்றிச் செல்ல இணையத்தில் ஆயிரம் குறுக்குவழி கிடைக்கும், பக்கத்தில் எங்கே தொட்டாலும் இசை கிளம்பும்படி செய்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பார்வையற்ற ஒருவர் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானோடு உங்கள் பக்கத்துக்கு வருகிறார் என்று வையுங்கள். அவருக்குப் பக்கம் என்பதே அந்தக் குரல்தான், அதன்மேல் நாதஸ்வரம் வந்து விழுந்தால் நிறுத்தும் பட்டன் எங்கே என்று கண்டுபிடிக்கக்கூட அவருக்கு வழியில்லை. அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி விதிகளும் இதைத்தான் சொல்கின்றன: மூன்று விநாடிக்கு மேல் தானாக ஓடும் எந்த ஒலிக்கும் நிறுத்தவோ சத்தத்தைக் குறைக்கவோ வழி இருக்க வேண்டும். பக்கத்தின் மேலேயே, விசைப்பலகையால் முதலில் எட்டும் இடத்தில், "இசை கேட்க" என்று தெளிவான ஒரு பட்டன் வையுங்கள். வாடிக்கையாளர் முதலில் முணுமுணுப்பார், அவர் போனிலேயே அமுக்கிக் காட்டினால் ஒத்துக்கொள்வார். ஃபேட் இன் அங்கே, பட்டனை அமுக்கியதும், வெப் ஆடியோவில் செய்துகொள்ளலாம், அதில் ஐபோனிலும் சத்தத்தை ஏற்றி இறக்க முடியும்.

இசை யாருடையது என்ற கேள்வியை நிறைய பேர் கடைசியில்கூடக் கேட்பதில்லை. தியாகராஜர் 1847ல் மறைந்தார், அவருடைய கீர்த்தனைக்கு இன்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் அதை ஒருவர் வாசித்துப் பதிவு செய்தால் அந்தப் பதிவுக்குத் தனி உரிமை உண்டு, இந்தியச் சட்டப்படி வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள். யூடியூபிலிருந்து இறக்கிய வீணை இசையை "பழைய கீர்த்தனைதானே" என்று போடுவது தப்பு. பழைய இசைத்தட்டுகளில் இந்தக் கெடு தாண்டியவை உண்டு, ஆடாசிட்டியின் கிளிக் ரிமூவல் அவற்றின் பொரிசத்தத்தை நன்றாகவே எடுக்கும், ஆனால் இணையதளம் உலகம் முழுக்கத் தெரிவது, அமெரிக்காவில் கெடு இதைவிட நீளம். கிரியேட்டிவ் காமன்ஸில் தேடினால் என்சி என்று இருப்பவை வணிகத் தளத்துக்கு ஆகாது, பிஒய் என்று இருந்தால் கலைஞரின் பெயரைப் பக்கத்தில் போட வேண்டும். எனக்குப் பிடித்த வழி வேறு: ஊரில் வீணையோ புல்லாங்குழலோ கற்றுத் தேர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, ஒழுங்காகச் சம்பளம் கொடுத்து, எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போட்டு, மூன்று நிமிடம் வாசிக்கச் சொல்லி ஆடாசிட்டியிலேயே பதிவு செய்துவிடலாம். லூப்பாக ஓடப்போகிறது என்று முன்பே சொல்லிவிட்டால் அவர்களே ஆவர்த்தனக் கணக்கோடு முடித்துக் கொடுப்பார்கள், நம் வெட்டும் வேலை பாதி குறையும்.

பதிவு செய்யும்போது புராஜெக்ட் விகிதம் (விநாடிக்கு எத்தனை ஆயிரம் மாதிரிகள்) 44.1லா 48லா என்று ஆரம்பத்திலேயே ஒன்றை முடிவு செய்து கடைசிவரை அதிலேயே இருங்கள். வேலை முடிந்ததும் எம்பி3, ஓக் இரண்டோடு 24 பிட் வேவ் ஒன்றையும் எடுத்து, லூப் புள்ளிகளின் விநாடிகளைக் கோப்பின் பெயரிலேயே எழுதி, வாடிக்கையாளருக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். பின்னாளில் வேறு வடிவம் வேண்டுமென்று வேறொருவரிடம் போனாலும், எம்பி3யிலிருந்து இன்னொரு எம்பி3 எடுத்து ஒலியைக் கெடுக்க வேண்டிய நிலை அவருக்கு வராது.